ரசலையன் குறைத்த முப்பத்திரண்டு ராத்தல்

ரசலையன் எனக்குச் செய்த அநியாயத்தை ஒன்பது வருஷம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அந்த மனுஷனைப் பற்றி மற்றதைச் சொல்லுவேன். நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனாலும் வரிசை என்று ஒன்று உண்டு.

கொல்லம் ஆண்டு 1096, இங்கிலீஷ் கணக்கில் 1920, ஐப்பசி மாசம். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அசனம். ஆயிரம் பேருக்குச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். சமையல் ரசலையன் பொறுப்பு, உப்பு என் பொறுப்பு. நான் உப்பளத்துப் பக்கம் ஒரு முதலாளியின் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் நிறுவைக்காரன். இருபது ராத்தல் உப்பு வேண்டும் என்று ரசலையன் ஆள் விட்டிருந்தான். நிறுத்துச் சாக்கில் கட்டி, என் தலையிலேயே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை, கோயில் காரியம்.

எங்கள் சபையில் ஒரு கட்டு உண்டு. போதகர் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை அசனச் சோற்றை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. சமைக்கிறவனும் நாக்கில் தொட்டுப் பார்க்கக் கூடாது. கல்யாண வீட்டில் ருசி பார்த்துப் பார்த்து உப்புப் போடுகிறவன், அசனத்தில் நிறையை நம்பித்தான் போட்டாக வேண்டும். ரசலையன் இருபது ராத்தலையும் போட்டான். ஜெபம் முடிந்தது. பந்தி உட்கார்ந்தது. முதல் கவளம் உள்ளே போனதும் அத்தனை முகமும் ஒரே மாதிரி சுளித்தது. குழம்பு சப்பென்று இருந்தது.

ரசலையன் கையில் சட்டுவத்தோடு ஒரு பெஞ்சின்மேல் ஏறினான். அவன் தொண்டை பெரிய தொண்டை.

"நான் போட்டதுல கொறையில்ல. நிறுத்துத் தந்தவன் கையிலயாக்கும் கொறை. டைட்டஸ் தராசுல இருவதுன்னா பதினேழு!"

பந்தி சிரித்தது. போதகரும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். அன்றையிலிருந்து எனக்கு 'அரையுப்பு' என்று பேர். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெரு முக்கில் நின்று வழி கேட்டபோது, "ஆரு, அரையுப்பு வீடா?" என்று கேட்டுத்தான் கை காட்டியிருக்கிறார்கள். நிறுவைக்காரனுக்கு அதைவிடக் கெட்ட பேர் உண்டா? திருடன் என்று சொன்னாலாவது வழக்குக்குப் போகலாம்.

மூன்றாம் கிளாஸ் வரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். அதற்குமேல் இரண்டு பேருமே படிக்கவில்லை. அசனத்துக்குப் பிறகு ஒன்பது வருஷம் அவனோடு நான் பேசவில்லை.

இனி ஆளைப் பற்றிச் சொல்லுகிறேன். ரசலையன் குட்டை. ஆனால் அகலம். நடந்து வந்தால் வயிறு முதலில் வரும், அவன் பின்னால் வருவான். கிழக்கே அஞ்சுகிராமம், வடக்கே பூதப்பாண்டி வரைக்கும் கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணம் என்றால் அவன் கைதான். கிறிஸ்தவர் அல்லாத வீட்டிலும் பந்தலுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்ல அவனைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு கறியையும் இடது உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்குவான், கண்ணை மூடுவான், ஒரு கல் உப்பு எறிவான், மறுபடியும் நக்குவான். ஒரு கல்யாணத்துக்குப் பதினெட்டுக் கூட்டம், அதாவது பதினெட்டு வகைக் கறி. கூட்டத்துக்கு நாலு தரம் என்று வைத்தால்கூட எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று பாருங்கள். உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. அப்படியே பருத்தான்.

பெரிய வெண்கல வார்ப்புப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒருநாள் அடிவயிற்றில் என்னவோ பிடுங்கியிருக்கிறது. கொஞ்ச நாளில் தேங்காய்ப் பருமனுக்கு வீக்கம். குடலிறக்கம். மேற்கே பத்தொன்பது மைலில் மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டர் பார்த்துவிட்டு, வெட்டித் தைக்கலாம், ஆனால் இந்த உடம்பில் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இத்தனை கொழுப்பில் தையல் நிற்காது, மயக்க மருந்தும் தாங்காது. "இருநூறு ராத்தலுக்குக் கீழே வா. சித்திரை முடியுமுன் வா. வைகாசியில் நான் கப்பலேறுகிறேன், திரும்பி வர ஒன்றரை வருஷம். அதற்குள் குடல் முறுக்கிக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்றாராம்.

ஆளை நிறுக்கிற தராசு சுற்று வட்டாரத்தில் எங்கே இருக்கிறது? என் கிட்டங்கியில்தான். இரும்பு மேடை, மேலே நீளக் கம்பி, கம்பியில் நகர்த்துகிற குண்டு. இரண்டு மூட்டையை ஒன்றாக வைத்தாலும் அசையாது.

1105 ஆவணியில் ஒரு நாள் காலை, கிட்டங்கி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"ஏலே டைட்டஸ், என்னைய நிறுப்பியா?"

ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு.

"இது உப்பு நிறுக்க தராசு. பன்னி நிறுக்கதுக்கு இல்ல."

"உப்பு கெடந்த எடத்துல பன்னி கெடந்தா கெட்டாப் போவும்? நிறு."

"என் தராசுல இருவதுன்னா பதினேழுல்லா? ஒனக்கு ஆதாயம்தான். ஏறு."

ஏறினான். குண்டை நகர்த்தினேன். நகர்த்திக்கொண்டே போனேன்.

"எம்புட்டு?"

"எரநூத்தி முப்பத்திரண்டு."

"அந்தப் பதினேழு கணக்குல பாத்தா?"

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன். அவன் ஒரு உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து, வேட்டி மடிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னான். சொல்லி முடித்து, "தினமும் வருவேன். நிறுத்துச் சொன்னா போதும். பேசாண்டாம்" என்றான். சரி என்றேன்.

தினமும் வந்தான். ஆனால் வருகிற நேரத்துக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. ஒருநாள் கோழி கூவுகிற நேரம், ஒருநாள் மத்தியானச் சோறு முடிந்து, ஒருநாள் வேலையிலிருந்து திரும்புகிற வழியில் அந்தி நேரம். தோளில் ஒருநாள் குளித்துத் துடைத்த ஈரத் துவர்த்து, மடியில் ஒருநாள் வெற்றிலைப் பொதி. நானும் எதையும் கேட்கவில்லை. ஏறினான், சொன்னேன்.

முதல் நாள் இருநூற்று முப்பத்திரண்டு. அடுத்த நாள் முப்பது. மூன்றாம் நாள் முப்பத்துமூன்றரை. அப்புறம் இருபத்தொன்பது. இறங்கின அன்று மாப்பிள்ளை மாதிரிப் போவான். கஞ்சிக்குக் கருவாடு சுட்டுக்கொண்டு தனக்குத்தானே விருந்து வைப்பான். மறுநாள் ஏறியிருக்கும். ஏறின அன்று தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான், பிறகு பட்டினி. எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது. மறைப்பானேன்? அவன் ஏறி நிற்கும்போது குண்டை வேண்டுமென்றே மெதுவாக நகர்த்தியிருக்கிறேன்.

மூன்றாம் வாரம் ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"நேத்து ராத்திரி ஒரு பிடி கஞ்சிதான் குடிச்சேன். மூணு ராத்தல் எங்கேருந்துலே வரும்? ஒந் தராசு கள்ளம்."

அந்தப் பழியை அவன் வாயால் இரண்டாம் தரம் கேட்கிறேன். உள்ளே போனேன். சர்க்கார் முத்திரை குத்தின ஐம்பத்தாறு ராத்தல் இரும்புக் கல் நாலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து மேடையில் வைத்தேன். முதுகு முறிந்தது.

"ஐம்பத்தாறு நாலு எம்புட்டு?"

"எரநூத்தி இருவத்திநாலு."

"கம்பியப் பாரு."

பார்த்தான். கம்பி மயிரிழை அசையாமல் இருநூற்று இருபத்துநாலில் நின்றது.

"அப்பம் நாந்தான் கள்ளன்" என்றான். தலையைக் குனிந்துகொண்டு போனான். ஒன்பது வருஷமாக நான் எதிர்பார்த்த காட்சி அது. நடந்து முடிந்தபோது அதில் ஒரு ருசியும் இல்லை.

ஐப்பசியில் பூதப்பாண்டியில் ஒரு பெரிய கல்யாணம். போகுமுன் இருநூற்று இருபத்தேழு. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து ஏறினால் இருநூற்று முப்பத்துமூன்று. ஆறு ராத்தல்! அன்று அவன் சத்தம் போடவில்லை, தராசைத் திட்டவில்லை. "பாவம்லா செஞ்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னான். அதற்குப்பின் நாலு நாள் பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதையும் வாயில் வைக்கவில்லை. ஏழு ராத்தல் இறங்கியது. அதே வேகத்தில் அஞ்சுகிராமத்தில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனவன், சோறு வடிக்கிற நேரம் தலை சுற்றி அடுப்போரம் விழுந்தான். வடிகஞ்சி கொட்டிக் கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் நெருப்புக்குள்.

மறுநாள் அவன் பெண்டாட்டி நேசபாய் கிட்டங்கிக்கு வந்தாள். வந்ததும் தராசின் இரும்பு மேடையை ஓர் உதை உதைத்தாள்.

"டைட்டஸண்ணே, இந்த எளவைக் கடல்ல தூக்கிப் போடுங்க."

"என்ன தங்கச்சி?"

"மனுசன் எந்திச்சா ஜெபம் இல்ல, பாட்டு இல்ல, இங்கல்லா ஓடி வாறாரு. கொறஞ்சா பிள்ளையளுக்கு முட்டாயி. கூடுனா நான் வச்ச கறிக்கு ஏச்சு. நேத்து அடுப்புல விழுந்தாச்சு. டாக்டரு தைக்கதுக்கு முன்ன நாங்க குழி வெட்டணும் போலிருக்கு."

"நான் என்ன செய்ய? வாறான், நிறுக்கேன், சொல்லுதேன்."

"சொன்னா ஒங்க சோலி தீந்துதா? இருவது வருசமா நிறுக்கிய. ஒரு சரக்கு இன்னைக்குக் கூடுதும் நாளைக்குக் கொறையதும் எதனாலன்னு ஒங்களுக்குத் தெரியாம வேற ஆருக்குத் தெரியும்?"

போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் நாகர்கோவில் வியாபாரிக்கு நாற்பது மூட்டை ஏற்ற வண்டிகள் வந்து நின்றன. பத்து நாளைக்கு முன், வெயிலில், மூட்டைக்கு நூற்று அறுபத்துநாலு ராத்தல் என்று நான் நிறுத்துக் கட்டினவை. இப்போது வைத்தால் நூற்று அறுபத்தெட்டு, அறுபத்தெட்டரை. உப்புத் தொழிலில் இது புதுசு இல்லை. உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் வாங்குகிறவனுக்கு மூட்டைக்கு நாலு ராத்தல் தள்ளிக் கொடுப்போம். ஈரக்கழிவு என்று பேர். பன்னிரண்டாம் மூட்டைக்கு வாய் பழக்கத்தில் "கழிவு நாலு" என்று சொன்னேன். சொன்னபடியே நின்றுவிட்டேன். இந்தச் சாக்கில் யாரும் ஒரு பிடி உப்பு அள்ளிப் போடவில்லை. வாய் தைத்தபடி இருக்கிறது. ஆனாலும் நாலு ராத்தல் கூடுதல். இதற்காக நான் மூட்டையைத் திட்டினேனா? பட்டினி போட்டேனா?

வண்டிகள் போனதும் நேரே ரசலையன் வீட்டுக்குப் போனேன். கையில் வாழைக் குருத்தைச் சுற்றிக்கொண்டு பாயில் கிடந்தான்.

"பூதப்பாண்டியில என்ன தின்னே?"

"நீயும் வந்துட்டியா குத்திக் காட்ட? சோறு ரெண்டு பிடி. பாக்கி எல்லாம் ருசி பாத்ததுதான். புளிக்கறி, எரிசேரி, உப்பேரி, நார்த்தங்கா…"

"எல்லாம் உப்பு."

"பின்ன சீனியா போடுவாவ?"

"தண்ணி?"

"மூணு நாளு அடுப்புக்கு முன்ன நிக்கவன் எம்புட்டுக் குடிப்பான்? கொடம் கொடமாத்தான்."

"குடிச்ச அளவுக்கு ஒண்ணுக்குப் போனியா?"

"ஏலே, என்ன கேள்வி இது? ஆஸ்பத்திரியில ஒனக்கு வேலை கெடச்சிருக்கா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

யோசித்தான். "இல்ல. கொறவுதான். மோதிரம் கழலாம இருந்துது. விரல் எல்லாம் வீங்கினது போல."

மூட்டை விஷயத்தைச் சொன்னேன். வெயிலில் நூற்று அறுபத்துநாலு, மழையில் நூற்று அறுபத்தெட்டு, நடுவில் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. அவன் எழுந்து உட்கார்ந்தான். தன் தொழில் வழியாக அவனே மிச்சத்தைப் பிடித்துக்கொண்டான்.

"சரிதாம்லே. உப்பு வைக்க மரவை மழைக்குத் தண்ணி விடும். கருவாட்டுப் பானையும் அப்படித்தான். உப்பு இருக்க எடத்துக்குத் தண்ணி வரும். வந்தா லேசுல போவாது. அப்பம் அந்த ஆறு ராத்தல்?"

"ஒண்ணு வேணா நீ தின்னு ஏத்தினதா இருக்கும். அஞ்சு தண்ணி."

"நாலு நாளு பட்டினி கெடந்து எறக்கினேனே, ஏழு?"

"அதுலயும் தண்ணிதான் சாஸ்தி. வயித்துல இருந்த சோறு போயிருக்கும். கொழுப்பு கொஞ்சம்."

அவனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அப்பம் தண்ணியை எறக்கதுக்கா நான் அடுப்புல விழுந்தேன்?"

நேசபாய் இரண்டு குவளையில் சுக்குக் காப்பி கொண்டு வைத்துவிட்டுப் போனாள். அவன் குவளையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தான்.

"டைட்டஸ், அந்த அறுப்புப் பண்டிகைக்கும் மழைதானே?"

"ஆமா."

"வியாபாரிக்குப் போடுவியே ஈரக்கழிவு, அன்னைக்கு அதைப் போட்டியா?"

வெளியே மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வியாபாரி என்றால் தள்ளிக் கொடுப்போம், கேட்டு வாங்குவான். சபைக்கு இருபது ராத்தல் கேட்டார்கள், மழைச் சாரல் அடித்த திறந்த குவியலிலிருந்து அள்ளி இருபது நிறுத்தேன். கம்பி நேராக நின்றது. அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை.

"போடல்ல" என்றேன்.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றான் ரசலையன். காப்பியைக் குடித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, டைட்டஸ் தராசு நேர்தான், தப்பு மழையோடது என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். என் பேர் மாறவில்லை. இன்றைக்கும் அரையுப்புதான்.

அதன் பிறகு நிறுக்கிற முறையை மாற்றினோம். எண்ணத்தை ஆரம்பித்தது நான், சட்டம் போட்டது அவன். காலையில் எழுந்து வெளிக்குப் போய்விட்டு, கஞ்சியோ தண்ணீரோ வாயில் படுமுன் வரவேண்டும். அதே ஒற்றை வேட்டி, தோளில் துவர்த்து கூடாது, மடியில் வெற்றிலை கூடாது. நான் நிறுப்பேன், சொல்ல மாட்டேன். கிட்டங்கிக் கதவின் பின்பக்கம் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பேன். சனிக்கிழமை ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்து, வந்ததை மட்டும் சொல்லுவேன். பத்து மூட்டையில் ஒன்று ஈரமாக இருக்கும், ஒன்று காய்ந்திருக்கும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சரக்கை மதிப்போம். அதே வழிதான். ஏழால் வகுப்பதற்கு என் மூன்றாம் கிளாஸ் படிப்பு கொஞ்சம் திணறியது. அவன் வாசலுக்கு வெளியே நின்று, "வாத்தியாரு ஒனக்குப் பிரம்பு தந்தது போதாதுலே" என்று சிரிப்பான்.

நடு வாரத்தில் கெஞ்சுவான்.

"இன்னைக்கு எப்படி? கூடினாப்பல இருக்கு."

"இன்னைக்குன்னு ஒண்ணு கெடையாது. சனியாச்சை கேளு."

"ஒரு கண்ணு மட்டும் காட்டு மக்கா. ஏறியிருக்கா எறங்கியிருக்கா?"

"போயி வேலையப் பாரு."

தின்பதிலும் பட்டினியை விட்டான். அரைக் கஞ்சி, கூடப் பயறும் கீரையும். ராத்திரி மரச்சீனிக் கிழங்கு கிடையாது. வண்டியில் ஏறாமல் வேலைக்கு நடந்து போனான், வார்ப்புத் தூக்க வேறு ஆள் வைத்தான். ருசி பார்க்கிற கறியை விழுங்காமல் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் துப்பப் பழகினான். அதில்தான் வம்பு வந்தது. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பன் பார்த்துவிட்டு, என் வீட்டுச் சாப்பாட்டைத் துப்புகிறாயா என்று பிடித்துக்கொண்டார். சபையிலும் பேச்சு வந்தது. அந்த வருஷம் இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போயிற்று. ரசலையன் அதற்கு வருத்தப்பட்டான், ஆனால் சிரட்டையை விடவில்லை.

சனிக்கிழமைக் கணக்கு இருநூற்று இருபத்தேழு, இருபத்தாறு, ஒரு வாரம் மறுபடி இருபத்தாறரை, பிறகு இருபத்துநாலு என்று இறங்கியது. தினக் கணக்கு கதவின் பின்னால் தவளை மாதிரித் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன். ஒரு வாரத்துக்குள் நாலு ராத்தல் மேலும் கீழும் போகும். முதலில் எனக்கே பயம் வந்தது. பிறகு பழகிவிட்டது. இன்றைக்கு ஏறியிருக்கிறதா, நேற்று எங்கேயோ கருவாடோ ஊறுகாயோ சேர்ந்திருக்கும் என்று விட்டுவிடுவேன். கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

மாசியில் சோதனை வந்தது. மூன்று சனிக்கிழமை தொடர்ந்து இருநூற்று ஆறு. சித்திரைக்கு இரண்டு மாசம்கூட முழுதாக இல்லை. நாலாம் சனிக்கிழமைக்கு முன்னால் அவன் மறுபடி பட்டினி கிடக்கப் போவதாகச் சொன்னான்.

"கெட. எறங்கும். டாக்டரு முன்ன நிக்கும்போது தண்ணி திரும்பி வந்து நிக்கும். அப்பம் என்ன செய்வே?"

அன்றைக்கு என்னோடு கோபித்துக்கொண்டு போனான். மறுநாள் வழக்கம் போல வந்து ஏறினான். கஞ்சி குடித்துவிட்டுத்தான் தூங்கினேன் என்று தானாகச் சொன்னான். அந்தச் சனிக்கிழமை இருநூற்று நாலே கால்.

ஈஸ்டர் முடிந்த வாரம் கதவின் பின்னால் வந்த கணக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது. கதவைத் திருப்பிக் காட்டினேன். ஆறு மாசத்தில் முதல் தடவையாக எல்லா எண்ணையும் பார்த்தான். ஏறினதும் இறங்கினதுமாக அத்தனையையும் விரலால் தொட்டுக்கொண்டு போனான். "இம்புட்டு ஆட்டமா நான் ஆடியிருக்கேன்?" என்றான்.

திங்கட்கிழமை மோட்டார் பஸ்ஸில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் வெயில். மத்தியானம் ஒரு கடையில் கஞ்சியும் கருவாட்டுத் துவையலும், தாகத்துக்கு நாலு குவளை மோரும். ஆஸ்பத்திரியில் சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கம்பவுண்டர் ஞானசிங் என்பவர், பயணத்துக்குப் போட்டிருந்த கோட்டும் செருப்புமாக இவனை அப்படியே தராசில் ஏற்றினார்.

"இருநூற்று நாலு" என்றார். "கூடுதல். டாக்டர் எழுதி வைத்தது இருநூறு. நீர் திரும்பிப் போகலாம்."

வைகாசிக்கு இருபது நாள்தான். கம்பவுண்டரோடு சண்டைக்குப் போக வாயெடுத்தேன். ரசலையன் என் கையைப் பிடித்தான்.

"சும்மா இருலே" என்றான். கம்பவுண்டரிடம் மரியாதையாகச் சொன்னான்: "ஐயா, நாளைக் காலத்தே வெறும் வயித்தோட ஒரு தடவை நிறுக்கணும். அப்பமும் கூடுதல்னா போயிருவேன்."

"ஒரு ராத்திரியில் நாலு ராத்தல் குறைப்பீரா?"

"கொறைக்க மாட்டேன். அதுவாப் போவும்."

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். புத்தி சரியில்லாதவனைக் கூட்டி வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். ரசலையன் வராந்தாவில் துவர்த்தை விரித்து, குறட்டை விட்டுத் தூங்கினான். நான் தூங்கவில்லை.

காலையில் ஒற்றை வேட்டியோடு ஏறினான். நூற்றுத் தொண்ணூற்றொன்பதரை. ஞானசிங் குண்டை இரண்டு தரம் நகர்த்திப் பார்த்தார்.

"ராத்திரி என்னய்யா செய்தீர்?"

"ரெண்டு தடவை ஒண்ணுக்குப் போனேன்" என்றான் ரசலையன்.

புதன்கிழமை வெட்டித் தைத்தார்கள். டாக்டர் கப்பலேறுமுன் கட்டை அவிழ்த்துப் பார்த்து, தையல் நன்றாக இருக்கிறது, கொழுப்பு திரும்பி வந்தால் இது பிய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார். ரசலையன் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டான். எட்டு வருஷம் சமைத்தான். எட்டு வருஷமும் வாரம் ஏழு காலை என் மேடையில் ஏறினான். சனிக்கிழமைக் கணக்கு ஒருநாளும் இருநூற்று மூன்றைத் தாண்டவில்லை. சிரட்டையைக் கண்டு சிரித்தவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். தையல் கடைசிவரை பிரியவில்லை.

1113 ஆனியில் வந்தது வேறு. நெஞ்சுக்குள் கோளாறு என்றார்கள். முதலில் பாதம் வீங்கியது, பிறகு முழங்கால், பிறகு வயிறு. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நடக்க முடியாமல் ஆனதும் கிட்டங்கிக்கு வருவது நின்றது. பார்க்க வந்தவர்கள் முகத்துக்கு எதிரே ஜெபம் பண்ணினார்கள், முற்றத்தில் இறங்கியதும், பழையபடி தின்னத் தொடங்கிவிட்டான், பாரு, எப்படி ஊதிக் கிடக்கிறான் என்றார்கள். உள்ளே அவனுக்குக் கேட்டது. நேசபாய் சண்டைக்குப் போனாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். மூன்று வாரமாக உப்பில்லாத கஞ்சி இரண்டு கரண்டிதான் அவனுக்கு ஆகாரம்.

ஆடி முதல் வாரம் ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான்.

"ஏலே டைட்டஸ்."

"சொல்லு மக்கா."

"நான் செத்தா ஆசாரி பெட்டிக்கு அளவெடுக்க வருவான். இந்தக் கெடையைப் பாத்து வீங்கின அகலத்துக்கு வச்சிரப் போறான். பலகை வீண், தூக்கவனுக்கும் கஷ்டம். இது தண்ணிலே, அதுவாப் போவும். என் அளவு ஒனக்குத்தான் தெரியும். நீ கூட நின்னு சொல்லிக் குடு."